படத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

விமானத் தள நினைவுக் கண்காட்சிக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் கண்காட்சியின் மூன்றாவது தட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. ஒரு பெவர்லி விமானத்தின் மூக்குக்குக் கீழே பதினோரு பேர் நிற்கிறார்கள். படத்தின் கீழே, ‘உள்ளூர் ஊழியர்கள், சிலேத்தார், சுமார் 1964. பெயர்கள் தெரியவில்லை’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். சிலேத்தார், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் விமானப் படைக்கு இருந்த தளம்.

அந்தப் படத்தை உங்களுக்குக் கொடுத்தவன் நான். இடமிருந்து நான்காவதாக, காதில் பென்சில் செருகிக்கொண்டு நிற்பவனும் நான்தான். படத்தின் பின்பக்கத்தில் பதினோரு பேரின் பெயர்களும் உள்ளன. எங்களோடு வேலை பார்த்த ஓர் அண்ணன், நாங்கள் நின்ற வரிசையிலேயே, நீல மையில் தமிழில் எழுதிவைத்தார். படத்தில் இருக்கும் சீனர் மூவர், மலாய்க்காரர் இருவர் பெயர்களையும் அவர் தமிழிலேயே எழுதினார், ஏனென்றால் அவருக்குக் கைவந்த எழுத்து அது ஒன்றுதான். நான் படத்தைக் கொடுத்த அன்று உங்கள் அலுவலர் அதை ஒரு கண்ணாடியில் கவிழ்த்து வைத்து நகல் எடுத்தார். பின்பக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார். எடுக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றில் எழுதிவைத்த பெயர்கள், படிக்க ஆளில்லாததால் ‘தெரியவில்லை’ ஆகிவிட்டன.

இதை மட்டும் என்றால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடித்திருப்பேன். ஆனால் சென்ற மாதம் உங்களிடமிருந்து வந்த மின்னஞ்சல் என்னைத் தூங்கவிடவில்லை. எங்களில் ஆறு பேரிடம் எடுத்த நேர்காணல்கள் கண்காட்சியில் இடம்பெறாது என்று அதில் எழுதியிருந்தீர்கள். இரண்டு காரணங்கள் சொல்லியிருந்தீர்கள். ஒன்று, இது போர்க்காலத்தில் பணியாற்றிய படையினரின் நினைவுகளுக்கான கண்காட்சி, நாங்கள் சிவிலியன்கள். இரண்டு, நாங்கள் சொன்னவற்றுக்கு ஆவணச் சான்று இல்லை. இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் இந்த மடல். எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், தனியாக எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

எனக்கு வயது 81. 1962ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பதினேழு வயதில், சிலேத்தார் தளத்தில் ஹெல்பராகச் சேர்ந்தேன். அப்பா அதே தளத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். வீடு ஜாலான் காயுவில், அத்தாப்புக் கூரை போட்ட கம்பத்து வீடு. காலையில் பசியாறிவிட்டுச் சைக்கிளை மிதித்தால் ஏழு மணிக்கு வாசலில் இருப்போம். தூரக்கிழக்கு விமானப் படையின் பெரிய பழுதுபார்ப்புப் பிரிவு, 390ஆம் பிரிவு, அங்கேதான் இருந்தது. தமிழர், மலையாளி, சீனர், மலாய்க்காரர், எழுத்து வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிராணிகள், வாசலில் சீக்கியக் காவலர் என்று ஓர் ஊரே அந்த வேலிக்குள் பிழைத்தது.

படையினரா நாங்கள் என்று கேட்டால், இல்லை. நாங்கள் துப்பாக்கி தூக்கவில்லை, சல்யூட் அடிக்கவில்லை. பதக்கம் வேண்டும் என்றும் எங்களில் யாரும் கேட்டதில்லை. ஆனால் இந்தோனீசியாவுடன் மோதல் நடந்த அந்த நான்கு ஆண்டுகளில் போர்னியோவுக்குப் பறந்த சரக்கு விமானங்கள் யார் கையால் பறந்தன என்று சொல்லாமல் அந்தக் காலத்தைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்க முடியாது என்பது என் எண்ணம். அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை உங்கள் நேர்காணலில் சொல்லத் தொடங்கினேன். முழுதாகச் சொல்ல விடவில்லை. இங்கே சொல்கிறேன்.

பெவர்லியைப் பார்த்தவர்கள் இன்று குறைவு. இறக்கையின் நீளம் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 162 அடி. உள்ளே மடங்காத சக்கரங்கள். பின்பக்கம் இரண்டு பெரிய கதவுகள் சிப்பி மாதிரி திறக்கும். லோரியை அப்படியே ஓட்டி ஏற்றலாம். பாராசூட்டில் சாமான் போட வேண்டிய நாளில் அந்தக் கதவுகளையே கழற்றிவிட்டுப் பறப்பார்கள். நான்கு சென்டாரஸ் இன்ஜின். ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னுமாக இரண்டு வளையங்களில் 18 சிலிண்டர்கள். ஒரு சிலிண்டருக்குத் தீப்பொறி தரும் பிளக் இரண்டு. ஆக ஒரு விமானத்துக்கு 144 பிளக்குகள். இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, என் விரல்களுக்கு அது மனப்பாடம். பின்வளையத்துப் பிளக்கைக் கண்ணால் பார்க்க முடியாது. தகட்டுக்கு இடையில் கையை நுழைத்து, தடவித் தடவி, மரை பிடிக்கிறதா என்று விரல் நுனியால் உணர்ந்துதான் திருக வேண்டும். கோணலாகத் திருகினால் சிலிண்டர் தலையில் மரை கெட்டுவிடும். அப்புறம் ஒரு நாள் வேலை ஒரு வாரம் ஆகிவிடும். என் வலது கை மணிக்கட்டில் இன்றும் இருக்கும் தழும்பு, ஆறாத இன்ஜினுக்குள் அவசரத்தில் கையை விட்டதால் வந்தது.

இந்த சென்டாரசும், வலெட்டா, ஹேஸ்டிங்ஸ் விமானங்களில் இருந்த ஹெர்குலிசும் ஒரே குடும்பம். சாதாரண இன்ஜினில் இருப்பது போன்ற வால்வுகள் இவற்றில் இல்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஓர் உருளை உறை, மேலும் கீழும் போய்க்கொண்டே கொஞ்சம் திரும்பவும் செய்து, துவாரங்களை மூடித் திறக்கும். நல்ல இன்ஜின், ஆனால் எண்ணெய் குடிக்கும். நின்றுகொண்டிருக்கும்போது எண்ணெய் கீழ்ச் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கிவிடும். அதைக் கவனிக்காமல் கிளப்பினால் உள்ளே முறிந்துபோகும். அதனால் காலையில் முதல் வேலை, இன்ஜினின் முன்னால் சுழலும் விசிறியைக் கையால் பிடித்துச் சுற்றிப் பார்ப்பது. எங்கேயாவது இறுகினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வலெட்டாவின் விசிறியைப் பிடித்துச் சுற்றும்போது, இறுக்கம் வருகிறதா இல்லையா என்பதைத் தோளால் அறிந்து சொல்லும் பெரியவர் ஒருவர் எங்களிடம் இருந்தார். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மழைதான் எங்கள் தலைவலி. சிங்கப்பூரில் நவம்பர், டிசம்பரில் பெய்கிற மழை உங்களுக்குத் தெரியும். இரவெல்லாம் நனைந்த விமானத்தில் மின்பொறிக் கம்பிகளுக்குள் ஈரம் இறங்கியிருக்கும். ஒவ்வோர் இன்ஜினுக்கும், பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ இரண்டு. ஓடும்போது ஒன்றை அணைத்துப் பார்ப்பார்கள். இன்ஜின் சுற்றும் வேகம் அளவுக்கு மேல் குறைந்தால் ‘மேக் டிராப்’. விமானம் வரிசையை விட்டுத் திரும்பி வரும். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் எங்களுக்கு அன்று வீடு இல்லை. எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க எங்கள் பெரியவர் ஒரு வழி வைத்திருந்தார். இன்ஜினைச் சற்று நேரம் ஓட்டி நிறுத்தி, உடனே ஏணியில் ஏறி, புகைக் குழாய்களின் அருகே ஒவ்வொன்றாகக் கையை நீட்டிக்கொண்டு போவார். சூடு குறைவாக இருக்கும் இடத்தில் நிற்பார். அங்கே பிளக்கைக் கழற்றினால் அது கறுத்து நனைந்திருக்கும். அவர் தவறிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

1962 டிசம்பர் 8, சனிக்கிழமை. விடியற்காலையில் புருணையில் கிளர்ச்சி வெடித்தது. எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. தளத்து லோரி ஒன்று ஜாலான் காயுவுக்குள் வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதுதான் தெரியும். அப்பா கையில் சோற்றுத் தூக்கைக் கொடுத்து அனுப்பினார். போய்ப் பார்த்தால் கூர்க்கா வீரர்கள் மூட்டை முடிச்சோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றே அவர்கள் கடல் தாண்டிப் பறந்தார்கள். திங்கட்கிழமை ஒரு பெவர்லி, செரியாவுக்குப் பக்கத்தில் அந்துக்கி என்ற சின்ன விமானத் திடலில் படையினரோடு போய் இறங்கியது. அதைப் பிறகுதான் கேள்விப்பட்டோம். உங்கள் இரண்டாவது தட்டியில் அந்தத் தரையிறக்கத்தைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சனி இரவும் ஞாயிறும் ஹேங்கரில் பிளக் மாற்றி, எண்ணெய் ஊற்றி, டயர் மாற்றி, அப்படியே இறக்கை நிழலில் சாக்கு விரித்துப் படுத்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. நான் திங்கட்கிழமை மாலைதான் வீட்டுக்கு வந்தேன். அம்மா என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு வாசலிலேயே கழற்றச் சொன்னார். பச்சைச் சாயம் கலந்த பெட்ரோலில்தான் கை கால் கழுவுவோம். அது ஈயம் கலந்த பெட்ரோல் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் வேறு வழி இருந்திருக்காது.

அதற்கப்புறம் 1966 ஆகஸ்டில் ஒப்பந்தம் ஆகும்வரை இந்தோனீசியாவுடனான மோதல் ஓயவில்லை. சரவாக்கிலும் சாபாவிலும் எல்லையோரக் காவல் முகாம்கள் பலவற்றுக்குச் சாலையே கிடையாது. அரிசி, ஆட்டா மாவு, டின் உணவு, எண்ணெய்ப் பீப்பாய், வெடிமருந்து, எல்லாமே வானத்திலிருந்துதான். பெவர்லி, ஹேஸ்டிங்ஸ், வலெட்டா, அப்புறம் சாங்கிக்குப் புதிதாக வந்த ஆர்கோசி. குட்டித் திடல்களில் இறங்க ட்வின் பயனியர். அவை திரும்பி வரும்போது அங்கே பெய்த மழையும் கூடவே வரும். சக்கரத்தைச் சுற்றி அப்பியிருக்கும் செம்மண்ணை மரக்குச்சியால் சுரண்டுவோம், இரும்பால் சுரண்டினால் கீறல் விழும், கீறலில் துருப் பிடிக்கும். தரைப்பலகையைத் தூக்கினால் கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய அரிசி ஈரத்தில் முளைவிட்டுக் கிடக்கும். பார்க்க நன்றாக இருக்கும், நாற்றங்கால் மாதிரி. ஆனால் அந்தப் பலகைக்குக் கீழேதான் விமானத்தின் வாலை அசைக்கும் கம்பிகள் ஓடுகின்றன. ஊறிய அரிசி புளித்து அலுமினியத்தை அரிக்கும், எறும்பு கப்பியில் ஏறும். சின்ன ஆளாகப் பார்த்து உள்ளே அனுப்புவார்கள். நான் ஒல்லியாக இருந்ததால் அந்த வேலை எனக்கு. டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, வயிற்றால் ஊர்ந்து போய், பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு மணியாகத் தள்ளி எடுப்பேன். உள்ளே இருக்கும் வெக்கையில் நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை கால் பக்கமாக வெளியே வந்து மூச்சு வாங்க வேண்டும்.

இதையெல்லாம் எங்களிடம் கேள்வி கேட்ட உங்கள் இளைஞரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் இடைமறித்து, ‘எதிரியைப் பார்த்தீர்களா? உங்களை நோக்கி யாராவது சுட்டார்களா?’ என்று கேட்டார். இல்லை என்றேன். அத்தோடு என் நேர்காணல் முடிந்துவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை நல்ல பிள்ளை, அவர் கையில் கொடுத்த கேள்வித்தாள் அப்படி. அந்தக் கேள்வித்தாளைத் தயாரித்தவர்களிடம் நான் கேட்கிறேன்: லாக்கிங் வயர் என்றால் என்ன என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? அதிர்வில் திருகாணி கழலாமல் இருக்க, ஒன்றோடு ஒன்று முறுக்கிக் கட்டும் மெல்லிய கம்பி அது. இறுக்கும் திசையில் கட்ட வேண்டும். திசை மாறினால் அதுவே அவிழ்த்துவிடும். ஒரு கம்பி தவறாகக் கட்டப்பட்டிருந்தால், மலைக்கு மேல், மேகத்துக்குள், நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் விமானத்தில் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு இரவும் படுத்தோம். அந்த நினைப்பு போர் நினைவு இல்லையா?

1964ஐயும் சொல்ல வேண்டும். ஜூலையில் இனக் கலவரம், ஊரடங்கு. ஆகஸ்ட் 17ஆம் தேதி ஜொகூர் மாநிலத்துப் பொந்தியானில் இந்தோனீசியப் படையினர் கடல்வழி வந்து இறங்கினார்கள். செப்டம்பர் 2ஆம் தேதி அதே ஜொகூரில் லாபிசில் பாராசூட்டில் குதித்தார்கள். அதே நாள்களில் இங்கே மறுபடியும் கலவரம். வெளியே தெருக்களில் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். ஊரடங்கு நாளில் எங்களைத் தளத்து லோரியில் கூட்டிப்போவார்கள். லோரிக்குள் யாரும் பேசுவதில்லை. ஆனால் ஹேங்கருக்குள் வந்தால் ஒரே இறக்கையின் மேல் வேலையை மேற்பார்க்கும் மலாய்க்கார சார்ஜ்ஹேண்ட், சீன ஃபிட்டர், தமிழ் ஹெல்பர். ஒருவர் ஏறுவதற்கு இன்னொருவர் ஏணியைப் பிடித்தாக வேண்டும். அந்தச் சீன அண்ணன் தன் வீட்டில் அடைபட்டிருந்த நான்கு நாளும், அவருடைய பங்கு வேலையை மலாய்க்கார சார்ஜ்ஹேண்டே செய்து முடித்து, சம்பளம் குறையாமல் பார்த்துக்கொண்டார். அவர்கள் இருவரும் உங்கள் மூன்றாவது தட்டியில் இருக்கும் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். தோளில் கைபோட்டு நிற்கும் அந்த இருவர்தான். இது ‘பெயர்கள் தெரியவில்லை’ என்று விட்டுவிடக்கூடிய படமா?

ஆவணச் சான்று இல்லை என்ற உங்கள் இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். அது ஓரளவு உண்மை. எப்படி உண்மை என்பதைக் கேளுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஃபார்ம் 700 என்று ஒரு பதிவேடு உண்டு. விமானம் பறக்கத் தகுதியானது என்று அதில் கையெழுத்துப் போட்ட பிறகே விமானி அதை ஏற்றுக்கொள்வார். அதில் கையெழுத்துப் போட்டவர்கள் சீருடைக்காரர்கள். நான் வேலை பார்த்த பிரிவில், ஹேங்கருக்குள் நடந்த வேலைக்குத் தனிச் சீட்டுகள் இருந்தன. அந்தச் சீட்டில் எங்கள் பணி எண்ணை முத்திரையாகக் குத்துவோம். பெயருக்கு இடம் இல்லை. அந்தக் காலத்து வழக்கம் அது, அதைச் செய்தவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. வேலை முடிந்து குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு சீட்டுகள் கழிக்கப்பட்டன. ஆக, எங்கள் பெயர் எழுதப்படாத சீட்டுகளும் இன்று இல்லை. காகிதத்தில் பெயர் எழுத அன்று இடம் தரவில்லை. காகிதத்தில் பெயர் இல்லை என்று இன்று நீங்கள் சொல்கிறீர்கள். அப்படியானால் எங்கள் வாய்மொழியை விட்டால் வேறு சான்று எங்கிருந்து வரும்? பெவர்லி விமானத்தையாவது காட்டலாம் என்றால், கட்டப்பட்டவற்றில் முழுதாக மிஞ்சியிருப்பது உலகத்திலேயே ஒன்றுதான், அதுவும் இங்கிலாந்தில்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சீருடை போட்டவர்கள் எங்களை மறக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முன்னாள் ஃபிளைட் இன்ஜினியர், எண்பது தாண்டியவர், மகளோடு சிங்கப்பூருக்கு வந்தார். தெரிந்தவர் ஒருவர் மூலமாக என்னைத் தேடிப் பிடித்தார். பிக்கடிலி, பார்க் லேன் என்று லண்டன் பெயர் வைத்த அந்தப் பழைய தளத்துச் சாலைகளில் இரண்டு பேரும் கைத்தடி ஊன்றி நடந்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, ‘சூட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்வாரே, அவர் இருக்கிறாரா?’ பெயர் அவருக்கும் தெரியவில்லை, ஆனால் ஆளைத் தெரிந்திருந்தது. இருக்கிறார் என்று சொல்லி அழைத்துப்போனேன். இரண்டு கிழவர்களும் பேச ஒரு பொதுமொழி இல்லாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பெரியவர்தான் உங்கள் நேர்காணலுக்கு வந்த ஆறு பேரில் மூத்தவர். வயது 91. அவருக்கு ஆங்கிலம் பேச வராது, மலாய் ஓரளவு வரும், தமிழ் நன்றாக வரும். தமிழில் பதிவு செய்ய அன்று ஆள் இல்லை என்றார்கள். நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். இன்னொரு நேர்காணல் தருபவர் மொழிபெயர்ப்பது விதிக்கு ஒத்துவராது என்றார்கள். அவர் தனக்குத் தெரிந்த மலாயில் இருபது நிமிடம் பேசினார். வெளியே வந்து என்னிடம், ‘தம்பி, நான் சொன்னது அவங்களுக்கு வெளங்கியிருக்குமா?’ என்று கேட்டார். விளங்கியிருக்கும் ஐயா என்று பொய் சொன்னேன். அதற்கு ஐந்து வாரம் கழித்து அவர் காலமானார். மண்டாயில் தகனம் முடிந்து வந்த மாலையில், அவருடைய பேத்தி, தாத்தா பேசிய பதிவு கிடைக்குமா என்று என்னைக் கேட்டாள். உங்களுக்கு நான் எழுதிய முதல் கடிதம் அதைப் பற்றித்தான்.

1968 ஜனவரியில், 1971க்குள் பிரிட்டிஷ் படைகள் விலகும் என்ற அறிவிப்பு வந்தது. அன்றைய சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்தது. வேலை போனவர்களில் சிலர் டாக்சி ஓட்டினார்கள், சிலர் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் கப்பலேறினார்கள், சிலர் ஸ்பேனரை விடாமல் பிடித்துக்கொண்டோம். 1968 செப்டம்பரில் தொடங்கிய நம் விமானப் படையின் தொடக்கமான வான் தற்காப்புத் தளபத்தியத்துக்கும் பிறகு வளர்ந்த விமானப் பராமரிப்புத் தொழிலுக்கும் பழகிய கைகள் தேவைப்பட்டன. நான் ஓய்வு பெறும்வரை அந்தத் தொழிலில்தான் இருந்தேன். எனக்குக் கீழே வேலை பழகிய பிள்ளைகள் பெரிய பொறுப்புகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு லாக்கிங் வயர் கட்டச் சொல்லிக்கொடுத்த விதம், எனக்கு அந்தப் பெரியவர் சொல்லிக்கொடுத்த விதம்.

1984 முதல் முழுமைத் தற்காப்பு என்று இந்த நாடு சொல்லி வருகிறது. ஒவ்வொரு பிப்ரவரி 15ஆம் தேதியும் என் பேரப்பிள்ளைகள் பள்ளியில் அதைப் படித்துவிட்டு வந்து, நாட்டைக் காப்பதில் எல்லாருக்கும் பங்கு உண்டு தாத்தா என்று எனக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதே மோதலில், 1965 மார்ச் 10ஆம் தேதி மெக்டொனல்ட் ஹவுசில் வெடித்த குண்டில் இறந்த மூவரும் சீருடை அணியாதவர்கள். 2015இல் அந்தக் கட்டடத்துக்கு எதிரே நினைவுச் சின்னம் எழுப்பியபோது யாரும் அவர்களைச் சிவிலியன்கள் என்று ஒதுக்கவில்லை. அந்த மனம் உங்கள் கண்காட்சிக்கு மட்டும் ஏன் இல்லாமல் போயிற்று?

நான் கேட்பவை இவை. முதலில், மூன்றாவது தட்டியில் இருக்கும் வாசகத்தை எடுத்துவிடுங்கள். மூலப்படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பின்பக்கத்தை நகலெடுத்து, அந்த அண்ணனின் கையெழுத்தையே படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அதற்குக் கீழே பதினோரு பெயர்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிடுங்கள். இந்த மடலில் நான் பெயர்களை எழுதாததற்குக் காரணம், குடும்பத்தாரைக் கேட்காமல் ஊரறியப் போடுவது முறையல்ல என்பதுதான். எட்டுக் குடும்பங்களோடு பேசிவிட்டேன், எட்டும் சம்மதம். மற்ற இரண்டு குடும்பங்களையும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து, அந்தப் பெரியவர் பேசிய இருபது நிமிடப் பதிவின் முழு நகலை, வெட்டாமல், அவருடைய பேத்தியிடம் ஒப்படையுங்கள். உங்களுக்கு அது பயன்படாத பதிவாக இருக்கலாம். அவர் குரல் வேறெங்கும் இல்லை.

படையினர் மட்டும் என்ற விதியைத் தளர்த்துங்கள். எனக்குத் தெரிந்து அந்த ஹேங்கர்களில் வேலை பார்த்தவர்கள் பதினான்கு பேர் இன்னும் இந்தத் தீவில் உயிரோடு இருக்கிறார்கள். எல்லாரிடமும் அவரவர் மொழியில், தமிழிலும் மலையாளத்திலும் ஹொக்கியனிலும் மலாயிலும், நேரம் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். எதிரியைப் பார்த்தீர்களா என்று தொடங்காமல், என்ன வேலை செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள். பதிவுகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்திடம் சேர்த்துவிடுங்கள். கண்காட்சி முடிந்த பிறகும் அங்கே இருக்கும். தமிழில் கேட்க ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள். என் பேத்தியும் அவளுடைய தோழிகள் இருவரும் சம்பளமில்லாமல் வரத் தயார் என்கிறார்கள்.

பழுதுபார்ப்பு வேலைக்கென்று ஒரு தட்டி வையுங்கள். என்னிடம் கம்பி முறுக்கும் பிளையர் ஒன்றும், பழைய பிளக்குகள் மூன்றும், எண் குத்திய பித்தளை வில்லை ஒன்றும் இருக்கின்றன. எல்லாவற்றையும் தருகிறேன், திருப்பித் தர வேண்டாம். பிளையரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாதீர்கள். பிள்ளைகள் எடுத்து முறுக்கிப் பார்க்கட்டும், கம்பி நான் வாங்கித் தருகிறேன்.

கண்காட்சி ஜூன் விடுமுறைக்குப் பிறகு பள்ளிகளுக்குச் சுற்றுக்குப் போகப்போவதாக உங்கள் அறிவிப்பில் பார்த்தேன். அதற்கு முன் எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். இந்தப் பதினான்கு பேரில் ஒருவருக்குச் செவ்வாய், வியாழன், சனியில் டயாலிசிஸ். மற்ற நாள்களில் காலை பத்து மணிக்குமேல் அவரைப் பார்க்கலாம். இன்னொருவருக்குக் காது முழுதாகப் போய்விட்டது, கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள், வாசித்துப் பதில் சொல்வார். ஈசூனில் இருப்பவர் வீட்டில் மின்தூக்கி ஒவ்வொரு தளத்திலும் நிற்கிறது, கருவிகளைத் தூக்கி ஏற வேண்டியதில்லை. என் வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். படத்தை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
படத்தில் இடமிருந்து நான்காவதாக நிற்பவன்